ஒரு மூன்றாம் பாகமும் சில அபிப்பிராயங்களும்

1

ஒரு படத்தைப் பற்றிய அபிப்பிராயத்துக்குச் சரித்திரம் எழுத முடியுமா என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொண்டதில்லை. படைப்புக்குச் சரித்திரம் உண்டு. படைப்பாளிக்கு உண்டு. விமர்சகனுக்கும், அவன் போதுமான அளவு சண்டை போட்டிருந்தால், உண்டு. படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, டீக்கடையில் நின்றபடி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறவனின் அபிப்பிராயம் மட்டும் டீ ஆறுவதற்குள் காணாமல் போய்விடுகிறது. 'வெகுஜன ரசனை' என்ற ஒரே மூட்டையில் அதைக் கட்டிப் போட்டுவிட்டு நாம் நம்முடைய காரியங்களைப் பார்க்கிறோம்.

தமிழ்ப் பார்வையாளனைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. கா. சிவத்தம்பி 1981இலும் எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இலும் வெளியிட்ட நூல்கள் திரைக்கும் அரசியலுக்குமான உறவை ஆராய்ந்தன. மதுரை நகரத்து ஏழை ரசிகர்களோடு பழகிப் பேசி ஸாரா டிக்கி எழுதிய நூல் 1993இல் வந்தது. ஆனால் இவையெல்லாம் தமிழ்ப் படத்தையும் தமிழ் நட்சத்திரத்தையும் மையமாகக் கொண்டவை. முகத்தை முகமூடியால் மறைத்துக்கொண்ட, வேற்று நாட்டு நாயகன் ஒருவன், வேறு யாருடைய குரலிலோ தமிழ் பேசிக்கொண்டு வரும்போது நம் பார்வையாளன் என்ன நினைக்கிறான்? அங்கே அவனுக்கு ரசிகர் மன்றம் கிடையாது; கட்சி கிடையாது; நாயகன் எந்த ஜாதி என்று விசாரிக்கவும் வழியில்லை. அவன் சொல்வது அவன் நினைத்ததாகவே இருக்கப் பெரிதும் சாத்தியம் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே, கலைப்படைப்பு என்று யாரும் உரிமை கொண்டாடாத ஒரு படத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். படம் 'ஸ்பைடர்-மேன் 3'. இடம் திருப்பூர்.

2

சாம் ரைமி இயக்கி 2002இலும் 2004இலும் வந்த இரண்டு படங்களின் தொடர்ச்சி இது. 2007 மே 4, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரே நாளில் வெளியானது. இந்தியாவில் ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கு, போஜ்புரி ஆகிய மொழிகளிலும் வந்தது. பெரு நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதி, மாதங்கள் கழித்துச் சிறு ஊருக்கு வந்து சேரும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. நியூயார்க்கில் இருப்பவனுக்கும் நொய்யல் கரையில் இருப்பவனுக்கும் ஒரே வாரத்தில் அபிப்பிராயம் சொல்லும் வாய்ப்பு கிடைத்தது. ஒருவனுடைய அபிப்பிராயம் அச்சில் ஏறியது. மற்றவனுடையது ஏறவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பீட்டர் பார்க்கர் என்ற இளைஞன்தான் சிலந்தி மனிதன். முதல் படத்தில் அவனுடைய பெரியப்பா பென்னை ஒரு திருடன் சுட்டுக் கொல்கிறான். பெரியம்மா மே விதவையாகிறாள். மூன்றாம் படத்தில், உண்மையாகச் சுட்டவன் வேறொருவன் என்று தெரியவருகிறது. ஃபிளின்ட் மார்க்கோ என்ற அந்த ஆள் சிறையிலிருந்து தப்பியவன். நோயாளியான சிறு மகளின் வைத்தியத்துக்காகத் திருடுகிறவன். ஒரு விஞ்ஞானச் சோதனைக் குழியில் விழுந்து மணல் மனிதனாகிவிடுகிறான். இதற்கிடையில் விண்கல்லில் ஒட்டிவந்த ஒரு கறுப்பு வஸ்து பீட்டரின் உடையில் பற்றிக்கொள்கிறது. சிவப்பும் நீலமுமாக இருந்த உடை கறுக்கிறது, அவனும் கொடியவனாகிறான். பூமிக்கடியில் குழாயை உடைத்து, வெள்ளத்தில் மணல் மனிதனைச் சேறாகக் கரைத்துவிடுகிறான். பிறகு ஒரு தேவாலய மணியோசையில் கறுப்பை உரித்தெறிகிறான். அது இன்னொருவனைப் பற்றிக்கொள்கிறது. நண்பன் ஹாரி பகைவனாகி, மீண்டும் நண்பனாகி, பீட்டருக்காக உயிர் விடுகிறான். கடைசியில் மணல் மனிதன் திரும்பி வந்து, தனக்கு வேறு வழி இருக்கவில்லை, கை தவறிச் சுட்டுவிட்டேன் என்கிறான். பீட்டர் அவனை மன்னிக்கிறான். மணல் காற்றில் கலைந்து போகிறது.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். திருப்பூரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை மாலை. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவது ஒன்றரை ஷிஃப்ட். ஆறு நாளும் அப்படி உழைத்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சினிமா. மே 6ஆம் தேதி ஞாயிறு மாலைக் காட்சிக்கு என் மாமா என்னை அழைத்துப் போனார். அவர் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். அவரோடு வேலை செய்த இருவர், எங்கள் வீதியில் இருந்த ஒரு கட்டிங் மாஸ்டர், ஓர் அயர்ன்காரர் எல்லோரும் வந்தார்கள். படம் முடிந்து பழைய பேருந்து நிலையப் பக்கம் நின்று பேசினோம். அந்தப் பேச்சில் என் நினைவில் தங்கியிருப்பதையே இங்கே வைக்கிறேன். பதினெட்டு வருஷத்து நினைவு வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருக்கும் என்று வாதாட மாட்டேன். சாரத்துக்கு உத்தரவாதம் தருவேன்.

3

முதலில் என் அபிப்பிராயம். இரண்டாம் பாகம் நன்றாக இருந்தது, மூன்றில் வில்லன்கள் அதிகம், கதை சிதறிவிட்டது என்றேன். ஆங்கில நாளிதழ் விமர்சனத்தை நூலகத்தில் படித்துவிட்டு, படம் பார்க்கும் முன்பே தயாராக வைத்திருந்த வாக்கியம் அது. அதில் பொய் இல்லை. உலகம் முழுவதும் விமர்சகர்கள் ஏறக்குறைய அதையேதான் எழுதினார்கள். ஆனால் அது என்னுடையதல்ல. இரவல் சட்டை. அளவு சரியாக இருந்தது என்பதால் சொந்தச் சட்டையாகிவிடாது.

கட்டிங் மாஸ்டர் என்னை மறுத்தார். ஒரு டிக்கெட்டுக்கு மூன்று வில்லன் கொடுத்திருக்கிறான், இதில் உனக்கென்ன நஷ்டம் என்றார். ஆனால் அவருக்கும் ஒரு குறை இருந்தது. அவர் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர். 1984இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகமான 'ஸ்பைடர்' வேறு ஆள். பிரிட்டிஷ் வார இதழொன்றில் 1965இல் பிறந்தவன். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டு, பிறகு குற்றங்களுக்கு எதிராகத் திரும்பியவன். அதற்கு முன் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவியும் மூலக்கதையில் கெட்டவனாகத் தொடங்கியவன்தான். இந்தப் படிப்பு உள்ள மனிதருக்கு, நல்லவன் நான்கு நாள் கறுப்பு உடுத்தியதும் கெட்டு, கழற்றியதும் நல்லவனாவது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. கெட்டவனாக இருந்தவனுக்கு அந்தத் திமிர் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்றார். நம் விமர்சகர்கள் இதைப் பாத்திர வார்ப்பின் உளவியல் என்பார்கள்.

அயர்ன்காரர் காங்கயம் பக்கத்து ஊர்க்காரர். அதிகம் பேசாதவர். மூன்றாம் பாகத்தின் நாயகன் ஹாரிதான் என்றார். ஏன் என்றேன். அவன்தானே விழுந்தான் என்றார்.

இந்த மூன்று சொல்லை அன்று நான் அலட்சியப்படுத்தினேன். அதன் பின்னால் எவ்வளவு நீண்ட கதை கேட்கும் பழக்கம் இருக்கிறது என்பது பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதை மூன்று தலைமுறைகளின் கதை. கோளாத்தா, அவர் மகன் குன்னுடையான், அவர் மக்களான பொன்னர், சங்கர். உடுக்கடித்துப் பல இரவுகள் பாடப்படும். காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிய கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் அதை நாடாவில் பதிவு செய்தார். அந்தக் கதையின் கடைசிப் பகுதி படுகளம். வீரர்கள் விழுகிறார்கள். தங்கை தங்காள் வந்து எழுப்புகிறாள். கோயில்களில் இது நடத்தப்படும்போது ஊர்க்காரர்களே களத்தில் விழுந்து கிடப்பார்கள். தங்காளாக வரும் பெண் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். எழுப்பப்பட்ட வீரர்கள் கதையில் மறுபடி நாடாள்வதற்காக எழுவதில்லை. விழுவதில்தான் கதையின் நிறைவு இருக்கிறது. இதைக் குழந்தையிலிருந்து பார்த்தவன், விழாமல் தப்பித்து, கடைசிக் காட்சியில் ஒரு பாட்டு விடுதியில் காதலியோடு மெதுவாக ஆடும் பீட்டரை நாயகன் என்று எப்படி ஒப்புவான்? மூன்றாம் பாகம் என்றால் அவனுக்கு அது கடைசி இரவு. கடைசி இரவுக்கு ஒரு நியதி இருக்கிறது. படம் அதைப் பீட்டருக்குப் பதிலாக ஹாரியின் தலையில் ஏற்றியது. அயர்ன்காரர் அதைச் சரியாகப் பார்த்துவிட்டார்.

என் மாமாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கறுப்பு உடையை மணியடித்து உரித்த காட்சியில் சாயப்பட்டறைக்காரர்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். நூல் துணியில் சாயம் ஏற உப்பும் சோடாவும் வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் உப்பு போதும். கறுப்பு போன்ற அடர்நிறத்துக்கு மிக அதிகம் வேண்டும். ஏறாத சாயம் முழுவதையும் திரும்பத் திரும்பக் கழுவித் தள்ள வேண்டும். ஏற்றிய கறுப்பை இறக்குவது அதைவிடச் சிரமம்; துணியே நைந்து போகும். கறுப்பு அவ்வளவு சுலபமாக இறங்கும் என்றால் எங்களுக்கு எதுக்கு மாப்ளே இத்தனை தண்ணி என்றார் மாமா. மணல் மனிதன் சாக்கடைத் தண்ணீரில் கரைந்தபோது தியேட்டரில் யாரோ நம் ஊர் ஓடையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மறுபடி சிரிப்பு.

ஆனால் மன்னிப்புக் காட்சியில் அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "மன்னிச்சுட்டான், சரி. அந்தப் புள்ளைக்கு வைத்தியம் ஆரு பாக்கறது?"

படத்தில் அதற்குப் பதில் கிடையாது. மகளுக்காகவே எல்லாம் என்று தொடங்கிய கதை, மன்னிப்பு முடிந்ததும் மகளை மறந்துவிடுகிறது. அன்று வெளியான விமர்சனங்களில் நான் படித்தவை எதிலும் இந்தக் குறை சுட்டப்படவில்லை. வில்லன்களின் எண்ணிக்கையை எண்ணத் தெரிந்தது. குழந்தையைத் தேடத் தெரியவில்லை.

4

படம் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கோடையில் திருப்பூர் என்ன நிலைமையில் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால், மாமாவின் கேள்வி வெறும் நல்ல மனசின் கேள்வியாகவே நின்றுபோகும்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் பெருகின. சாயக்கழிவும் உப்பும் ஆற்றில் இறங்கின. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டி, 1990களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட அணை சில வருஷங்களிலேயே சாயக்கழிவின் குட்டையாகிவிட்டது. உலகத்தில் அணை வேண்டும் என்று போராடிய உழவர்கள் உண்டு. எங்கள் அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று போராடியவர்கள் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்தவர்கள். கிணறு உப்பானது. தென்னை காய்ப்பு நின்றது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பர் 22இல் சென்னை உயர்நீதிமன்றம், 2007 ஜூலை 31க்குள் ஒரு துளிக் கழிவும் வெளியேறாத நிலையைச் சாயப்பட்டறைகள் எட்ட வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை உயரும் அபராதம் விதித்தது.

ஆக, மே 6ஆம் தேதி அந்தத் தியேட்டரில் உட்கார்ந்திருந்த மூன்று சாயப்பட்டறைத் தொழிலாளிகள் லிட்டருக்கு இத்தனை பைசா என்று குற்றம் கணக்கிடப்பட்டுக்கொண்டிருந்த ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள். திரையில் ஒருவன் வந்து எனக்கு வேறு வழி இருக்கவில்லை, என் மகளுக்காகச் செய்தேன் என்கிறான். திருப்பூர் அதே வாக்கியத்தைத்தான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முதலாளி வங்கிக் கடனைக் காட்டினார். தொழிலாளி பள்ளிக்கூடக் கட்டணத்தைக் காட்டினார். இரண்டும் உண்மை. மணல் மனிதன் பேசியதும் உண்மையே. உண்மையான காரணம் உள்ள குற்றத்தை என்ன செய்வது என்பதுதான் படத்தின் கேள்வி. ஊரின் கேள்வியும் அதுதான். மாமா மணல் மனிதனின் பக்கத்திலிருந்து அந்தக் காட்சியைப் பார்த்தார். அதனால்தான் மன்னிப்பு அவருக்குப் போதவில்லை. மன்னிக்கப்பட்டவன் நாளைக்கு எதைக் கொண்டு பிழைப்பான் என்று கேட்டார்.

எதிர்ப் பக்கத்துக் கேள்வி எனக்கு அந்த மாதக் கடைசியில் கிடைத்தது. என் பெரியப்பா ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உழவர். படம் பார்க்காதவர். விடுமுறைக்குப் போனபோது, வேறு பேச்சில்லாமல், கதையை அவருக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டார். சிலந்தி கடித்துச் சுவர் ஏறுவதையும், மணலிலிருந்து மனிதன் எழுவதையும் அவர் ஆட்சேபிக்கவே இல்லை. மன்னிப்புக்கு வந்ததும், "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டானா கண்ணு?" என்றார்.

பெரியம்மா மேயைச் சொன்னார். கணவனை இழந்தவள் அவள். பீட்டர் யாரைக் கேட்டு மன்னித்தான்? பழிவாங்கும் எண்ணம் நல்லதல்ல என்று அவள் முன்பொரு காட்சியில் அவனிடம் சொல்கிறாள் என்பது உண்மை. ஆனால் மணல் மனிதன் எதிரே வந்து நிற்கும் நேரத்தில் அவள் அங்கே இல்லை. மன்னிப்பு இரண்டு ஆண்களுக்கிடையே, உயரமான ஒரு கட்டடத்தில் முடிந்துவிடுகிறது. கிணறு கெட்டவரைக் கேட்காமலே கெடுத்தவருக்குக் கெடு நீட்டிக்கப்பட்டதைப் பலமுறை கண்ட ஒருவருக்கு, கதையின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது படம் பார்க்காமலே தெரிந்தது.

நான் ஆங்கில இலக்கியத்தில் பிறகு படித்த விமர்சனக் கோட்பாடுகளில் பலவும் பிரதியின் மௌனங்களைப் பற்றிப் பேசின. இரண்டு மௌனங்களை எனக்கு முதலில் காட்டியவர்கள் ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியும் ஓர் உழவரும். ஒருவர் குழந்தையைக் காட்டினார். ஒருவர் கிழவியைக் காட்டினார். இருவரும் ஒரே ஆற்றின் மேற்கிலும் கிழக்கிலும் இருந்தவர்கள். ஒருவருடைய கூலி மற்றவருடைய நஷ்டம். திருமண வீடுகளில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

5

இப்போது ஒரு சரித்திர விஷயம். 2007இல் அந்தப் படத்தைப் பார்த்த யாரும் 'கடைசிப் பாக'த்தைப் பார்க்கவில்லை. பார்த்தது மூன்றாம் பாகம். நான்காவது வரும் என்றே எல்லோரும் நினைத்தோம், தயாரிப்பாளர்களும் நினைத்தார்கள். 2011 மே மாதத்துக்கு நாள்கூடக் குறித்தார்கள். 2010 ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அன்றுதான் மூன்றாவது கடைசியாயிற்று. அன்றிலிருந்துதான் 'ஒரு முத்தொடரின் தோல்வியடைந்த முடிவு' என்ற பேச்சு தொடங்கியது. முடிவாக எடுக்கப்படாத ஒன்றை முடிவாக வைத்து மதிப்பிட்டார்கள். வசூலில் மூன்றிலும் அதிகம் ஈட்டியது அதுவே என்பதும் மறந்துபோயிற்று. கறுப்பு வஸ்து பற்றும் வில்லனைத் தயாரிப்புத் தரப்பின் வற்புறுத்தலால் சேர்த்ததும், அதில் தனக்குப் பிடிப்பில்லாமல் போனதும் பற்றி இயக்குநர் ரைமியே பிற்காலப் பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசினார். படைப்பாளியே படைப்பைக் கைவிட்ட பிறகு விமர்சகர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் பேரேட்டில் ஒரு வரவுக்கு இரண்டு தேதி இருக்கும். ஒன்று, பதிவு செய்த தேதி. இன்னொன்று, அது எந்த நாளிலிருந்து செல்லும் என்ற தேதி. வட்டி இரண்டாவது தேதியிலிருந்துதான் ஓடும். அபிப்பிராயத்துக்கும் இந்த இரண்டு தேதிகள் உண்டு என்று நினைக்கிறேன். மாமாவின் கேள்வி பதிவானது 2007 மே 6. அது செல்லுபடியானது 2011 ஜனவரி 28.

அன்றுதான், முந்தைய உத்தரவு நிறைவேற்றப்படாததால், திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நீதியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த உத்தரவில் பிழை காண முடியாது. 2009 அக்டோபரிலேயே உச்சநீதிமன்றமும், கெடுத்தவர் ஈடுசெய்தாக வேண்டும் என்ற கொள்கையை இதே வழக்கில் உறுதி செய்திருந்தது. ஆனால் மாமா வேலை பார்த்த பட்டறையின் கதவு சாத்தப்பட்டபோது அவர் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். துணி சாயமேற்ற வெளியூர்களுக்கு லாரியில் போனது. ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மாமா ஏழு மாதம் ஒரு பவர்டேபிள் யூனிட்டில் பீஸ் மடித்தார். கைமடி வேலை, சிறுவர்கள் செய்துவந்த வேலை. அந்தப் புள்ளைக்கு வைத்தியம் ஆரு பாக்கறது என்று அவர் கேட்டது தன்னைப் பற்றித்தான் என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

பிறகு மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்கியது. கழிவை வடிகட்டி, காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் முறை படிப்படியாக நிலைபெற்றது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூடியது முடிவல்ல என்று ஆயிற்று. வட்டியில்லாக் கடன் என்பது மன்னிப்பின் ஒரு வகை என்பதைக் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை. மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பெரியப்பாவின் கிணறு திரும்பவில்லை. உழவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிடப்பட்டது, கொஞ்சம் வழங்கவும் பட்டது. நிலத்தடியில் இறங்கிய உப்புக்கு நீதிமன்ற உத்தரவு கேட்காது. அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்வியின் இரண்டாவது தேதி இன்னும் வரவில்லை.

6

2021 டிசம்பர் 16இல் 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' தமிழிலும் வந்தது. நடிகர் மாறி, கதை மாறி நடந்த புதிய வரிசையின் மூன்றாம் பாகம் அது. அதில் பழைய பீட்டராக டோபி மக்வயர் வயதேறிய முகத்தோடு திரும்பி வந்தார். மணல் மனிதனும் வந்தான். எல்லா வில்லன்களையும் கொல்லாமல், குணப்படுத்தித் திருப்பி அனுப்புவது என்பது அந்தப் படத்தின் ஏற்பாடு. மணல் மனிதன் மறுபடி மனிதனாகிறான். அவன் கேட்பதெல்லாம் மகளிடம் திரும்பிப் போக வேண்டும் என்பதே. கோபத்தில் ஒரு வில்லனைக் கொல்லப் போகும் இளைய பீட்டரை மூத்த பீட்டர் குறுக்கே நின்று, ஒன்றும் பேசாமல் தடுக்கிறார்.

இதற்குப் பிறகு 2007ஆம் வருஷப் படத்தைப் பற்றிய அபிப்பிராயமே மாறிற்று. பழித்தவர்கள் பாசத்தோடு பேசினார்கள். அன்று கேலி செய்த காட்சிகளை, இளமையின் ஞாபகமாக, மீண்டும் பார்த்தார்கள். இதை நான் ரசனையின் முதிர்ச்சி என்று எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பகுதி ஏக்கம். ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. மாமா கேட்ட கேள்வியை அந்தப் படத்தொழிலும், பதினான்கு வருஷம் கழித்து, எப்படியோ கண்டுபிடித்திருந்தது. மன்னித்தால் மட்டும் போதாது, குணப்படுத்தவும் வேண்டும். அதற்கு ஓர் இயந்திரம் வேண்டும், யாரோ செலவு செய்ய வேண்டும். எங்கள் ஊர் அதற்கு முன்பே அந்த இயந்திரத்தை வாங்கிவிட்டிருந்தது. நீதிமன்றம் வாங்க வைத்தது.

மாமாவை அந்தப் படத்துக்கு நான் அழைத்துப் போனேன். டிக்கெட் என் செலவு. பழைய பீட்டரை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். வெளியே வந்ததும், இரவல் இல்லாத ஓர் அபிப்பிராயத்தை நான் தயார் செய்துகொண்டிருக்கும்போதே, "அந்தக் கெழவி எங்க? இதுல அந்தம்மா வரவே இல்லியே" என்றார். புதிய வரிசையின் மே வேறொருத்தி, இளையவள், பாதிப் படத்தில் இறந்துபோகிறாள் என்பதைச் சொன்னேன். அவர் கேட்டது அவளையல்ல. 2007இல் கணவனை இழந்து உட்கார்ந்திருந்த பழைய கிழவியை.

பெரியப்பாவின் கேள்வியை நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அவராகவே அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஏழு மாதம் கைமடியாக உட்கார்ந்தது அதற்குக் காரணமா, வயதா, அல்லது பெரியப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்பு இறந்தபோது அந்த உப்புக் கிணற்றடியில் காலையிலிருந்து மாலைவரை நின்றிருந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விமர்சனம் இந்த இடத்தில் ஊகிக்கக் கூடாது. குறித்து வைக்கலாம்.

ஒரு படம் நல்லதா கெட்டதா என்று முடிவு கட்டுவது நம் தொழில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த முடிவுகள் பத்து வருஷத்தில் தலைகீழாவதை இந்த ஒரு படத்திலேயே பார்த்துவிட்டோம். தலைகீழாகாமல் நின்றவை இரண்டு கேள்விகள். அவற்றைக் கேட்டவர்கள் யாரும் விமர்சகர்கள் அல்ல. ஒருவர் படமே பார்க்கவில்லை. இதை எழுதும் இந்த வாரமும் திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி முடிந்து யாராவது டீக்கடையில் நின்று ஏதாவது கேட்பார்கள். பக்கத்தில் நிற்பவன் தேதியைக் குறித்துக்கொண்டால் நல்லது.